தோட்டாவின் குறையும் துப்பாக்கியின் மேல் பழியும்

(நம் கல்லூரிப் பழைய மாணவர் சங்கச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தொழில் அனுபவத்தைப் பற்றிப் பேசும்படி நமது செயலாளர் பணித்தார். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளில் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் தரக் கட்டுப்பாட்டில் காலம் தள்ளியவன் நான். இவன் கார், லாரி என்றுதான் பேசுவான் என்று நினைத்திருப்பீர்கள். நான் துப்பாக்கியில் ஆரம்பிக்கிறேன். பயப்பட வேண்டாம், ஒரகடத்தில் கொண்டுவந்து இறக்கிவிடுகிறேன்.

1988-ல் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது என்.சி.சி. முகாமில் .22 ரைபிள் சுடும் பயிற்சி. ஆளுக்கு ஐந்து ரவை. மூன்றாவது ரவைக்கு விசையை அழுத்தினேன். வழக்கமான 'டப்' சத்தம் வரவில்லை, 'பொட்'டென்று பட்டாணி வெடித்த மாதிரி ஏதோ கேட்டது. நானும் வீரனாக போல்ட்டை இழுத்து அடுத்த ரவையைப் போடப் போனேன். பின்னால் நின்ற ஹவில்தார் என் மணிக்கட்டை அப்படியே பிடித்துவிட்டார். "தொடாதேடா! முனையை அந்தப் பக்கமே வை. எண்ணு முப்பது வரைக்கும்!" என்றார்.

எண்ணி முடித்த பிறகு போல்ட்டைத் திறந்து, குழலைத் துடைக்கும் கம்பியை அவர் உள்ளே விட்டார். கம்பி பாதியில் நின்றது. குண்டு குழலுக்குள்ளேயே சிக்கியிருந்தது. "மருந்து போதாத தோட்டா. இதுக்குப் பின்னாடி இன்னொண்ணைச் சுட்டிருந்தா குழல் வீங்கியிருக்கும். பெரிய ரைபிளா இருந்தா வெடிச்சே இருக்கும். அப்புறம் எல்லாரும், துப்பாக்கி சரியில்லைன்னு எழுதி வச்சிருப்பாங்க" என்றார். அந்தக் கடைசி வாக்கியம் இன்றும் என் காதில் இருக்கிறது.

அவர் சொன்னதில் எவ்வளவு விஞ்ஞானம் இருந்தது என்பது பிறகுதான் புரிந்தது. கார் டயரில் நாம் அடிக்கும் காற்று சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டு சொச்சம். ராணுவ ரைபிளின் அறைக்குள் ஒரு கண நேரத்தில் எழும் அழுத்தம் 50,000 பவுண்டுக்கு மேல். அதைத் தாங்கும்படிதான் எஃகை வார்க்கிறார்கள். ஆனால் அந்தக் கணக்கெல்லாம் ஒழுங்கான தோட்டாவுக்குத்தான். மருந்து குறைந்தால் குண்டு குழலில் சிக்கும். மருந்து கூடினாலோ, வேகமாக எரிந்தாலோ அழுத்தம் எல்லை மீறும். பித்தளைக் கூட்டில் விரிசல் இருந்தால் கொதிக்கும் வாயு பின்பக்கம், சுடுபவர் முகத்தருகே பீறிடும். வெயிலில் வெந்த கிடங்கில் வருஷக்கணக்கில் கிடந்தால் மருந்தின் குணமே மாறும். இதில் எதுவும் வெளியே தெரியாது. பெட்டியில் ஆயிரம் தோட்டாவும் ஒரே மாதிரி பளபளக்கும்.

உலகம் அறிந்த உதாரணம் அமெரிக்காவின் எம்-16 ரைபிள். 1964-ல் அதன் தோட்டாவுக்கு வேறு வகை மருந்தை ராணுவம் ஏற்றுக்கொண்டது. ரைபிள் அதற்கு முன் பழைய மருந்தை வைத்துச் சோதித்து உருவானது. புது மருந்தில் சுடும் வேகம் கூடியது. அதில் கலந்திருந்த கால்சியம் கார்பனேட், அதாவது நம்ம சுண்ணாம்புச் சமாச்சாரம், உள்ளே படிந்து அடைத்தது. அறைக்கு குரோம் பூச்சும் கிடையாது, பலருக்குத் துடைக்கும் கருவியும் கொடுக்கவில்லை. வியட்நாம் காடுகளில் சுட்ட கூடு வெளியே வராமல் சிக்கி, கையில் துப்பாக்கி இருந்தும் பல சிப்பாய்கள் செத்தார்கள். 'பையன்கள் சரியாகத் துடைப்பதில்லை' என்றுதான் முதலில் பதில் வந்தது. 1967-ல் நாடாளுமன்றக் குழு விசாரித்த பிறகுதான் மருந்து மாற்றத்தின் பங்கு வெளியே வந்தது. அதன் பின் அறைக்கு குரோம் பூசினார்கள், மருந்தைத் திருத்தினார்கள், துடைக்கும் கருவி கொடுத்தார்கள். அதே ரைபிள் ஒழுங்காகச் சுட்டது.

நம் நாட்டுக்கு வருவோம். 2017 செப்டம்பரில் பொக்ரானில், அமெரிக்காவிலிருந்து புதிதாக வந்த எம்-777 பீரங்கியைச் சோதித்தபோது குண்டு துண்டு துண்டாக வெளியே வந்து குழல் சேதமானது. சுட்டது உள்நாட்டுக் குண்டு, அதனால் சந்தேகம் அதன் மேல் விழுந்தது. நல்லவேளை, யாருக்கும் காயமில்லை. 2020 செப்டம்பரில் ராணுவத்தின் உள் அறிக்கை ஒன்று பத்திரிகைகளில் வெளியானது. 2014 முதல் குறையுள்ள வெடிபொருட்களால் 403 விபத்துகள், 27 பேர் சாவு, 159 பேர் காயம் என்றது அது. பராமரிப்பு, சுடும் முறை, ஆயுதத்தின் வடிவமைப்பு எல்லாமே காரணமாக இருக்கலாம் என்று படைக்கலத் தொழிற்சாலை வாரியம் மறுத்தது. 2021 அக்டோபர் 1-ஆம் தேதி அந்த வாரியமே கலைக்கப்பட்டு ஏழு கம்பெனிகளாகிவிட்டது. திருச்சியில் துப்பாக்கி செய்யும் தொழிற்சாலை ஒரு கம்பெனியின் கீழ், தோட்டா செய்யும் தொழிற்சாலைகள் இன்னொரு கம்பெனியின் கீழ். யார் சொன்னது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? ஒன்று மட்டும் கேட்கிறேன். இரு தரப்பும் வாதாடிக்கொண்டிருக்கும்போது அடுத்த ரவை யார் கையில் இருக்கிறது?

இப்போது ஒரகடம். இங்கேயும் பக்கத்து வல்லம் வடகாலிலும் உருவாகும் ராயல் என்ஃபீல்டுக்கு ஒரு காலத்தில் 'துப்பாக்கியைப் போல் செய்யப்பட்டது' என்றுதான் விளம்பரம். இங்கிலாந்தில் என்ஃபீல்டு ஆயுதத் தொழிற்சாலைக்கு உதிரிபாகம் கொடுத்ததால் வந்த பெயர் அது. 2019 ஜனவரியில் தமிழகப் பாதுகாப்புத் தொழில் வழித்தடம் திருச்சியில் தொடங்கப்பட்டது. சென்னை வட்டாரமும் அதில் ஒரு மையம். ஆகவே இங்கே அமர்ந்திருக்கும் மாணவர்களில் சிலர் நிஜமாகவே ஆயுதப் பாகம் செய்யப் போகிறீர்கள். மற்றவர்களுக்கும் பாடம் ஒன்றுதான். அதைச் சொல்ல என் சொந்தத் தப்பைச் சொல்லியாக வேண்டும்.

கம்பெனி பெயர் வேண்டாம். ஒரு மாதக் கடைசி. ஜிங்க் பிளேட்டிங் செய்த 12.9 ரக போல்ட் ஒரு லாட் வந்தது. பிளேட்டிங் முடிந்ததும் 200 டிகிரி வாக்கில் சூளையில் பல மணி நேரம் வைத்து, எஃகுக்குள் புகுந்த ஹைட்ரஜனை வெளியேற்ற வேண்டும். அப்படிச் செய்ததற்கான தாள் மட்டும் அந்த லாட்டோடு வரவில்லை. போல்ட்டை இழுத்துப் பார்த்தோம், பாஸ். லைன் நிற்கிறது என்று நெருக்கினார்கள். 'தாள் பின்னால் வரும்' என்று நம்பி நான் கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் காலை, இறுக்கி வைத்த போல்ட்டுகளில் மார்க்கரால் குறி போடக் குனிந்த ஒரு பயிற்சியாளர் பையனின் புருவத்தில், தலை தெறித்த போல்ட் ஒன்று வந்து அடித்தது. ஆறு தையல். கண் தப்பியது. எங்கள் லைனில் போல்ட் இறுக்கும் கருவிக்குப் பெயரே 'கன்'தான். பழி முதலில் அந்த கன் மேல் போனது. சோதித்தார்கள், சரியாக இருந்தது. அடுத்து, பையன் அதிகமாக இறுக்கிவிட்டான் என்றார்கள். வேலைக்கு வர வேண்டாம் என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். எனக்கு உள்ளூரத் தெரியும். ஆனாலும் இரண்டு நாள் நான் வாய் திறக்கவில்லை.

மூன்றாம் நாள் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு மேலாளரிடம் போனேன். உடைந்த போல்ட்டை அறுத்துப் பார்த்ததில் ஹைட்ரஜன்தான் என்று தெரிந்தது. மீதி லாட்டை நிறுத்தினோம். பையனைத் திரும்பக் கூப்பிட்டார்கள். எனக்கு அந்த வருட ஊதிய உயர்வு போனது, அது பரவாயில்லை. அந்த இரண்டு நாள் லைனில் ஓடிக்கொண்டிருந்த போல்ட்டுகளை நினைத்தால்தான் இன்றும் தூக்கம் வராது. ஹவில்தார் என் கையைப் பிடித்ததுபோல் நான் யார் கையையும் பிடிக்கவில்லையே!

மாணவச் செல்வங்களே, உங்களிடம் மூன்று வேண்டுகோள்கள். சத்தம் மாறினால் நிறுத்துங்கள். ஏன் என்று தெரிந்த பிறகு அடுத்த ரவை. லாட் எண்ணைத் தொலைக்காதீர்கள். ஒன்று கெட்டால் அதன் உடன்பிறப்புகள் எங்கே என்று அதுதான் சொல்லும். உடைந்ததை அறுத்துப் பார்க்கும்வரை துப்பாக்கி மேலோ, அதைப் பிடித்த பையன் மேலோ பழி போடாதீர்கள். குறை உங்கள் கையெழுத்தில் இருந்தால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். இரண்டு நாள் மிகவும் நீளம்.

அந்த ஹவில்தாரின் பெயரைக்கூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. இந்த மேடையிலிருந்து அவருக்கு ஒரு சல்யூட்.