பெருநாள் உடுப்பு: முதலில் பீரோவைத் திறப்போம்

 

உமர் (ரலி) அவர்கள் கடைத்தெருவில் கண்ட பட்டு மேலங்கியைப் பெருநாளுக்கு வாங்கிக்கொள்ளச் சொன்னபோது, நபி (ஸல்) அவர்கள் மறுத்த செய்தி புகாரியில் உள்ளது. அழகாக உடுத்துவதை அவர்கள் தடுக்கவில்லை. ஆண்களுக்கு ஆகாத பட்டைத்தான் தடுத்தார்கள். வட்டிக்கு வாங்கி உடுத்துவதும் ஆகாததுதான். மூன்று பிள்ளைகளின் துணிக்கு வாரவட்டிக்கு வாங்கிய கடனை, ஹஜ்ஜுப் பெருநாள் வந்தும் அடைக்க முடியாமல் நம்மிடம் வந்து அழுத தாயை நாம் மறக்கவில்லை.

இருப்பதில் நல்லதை உடுத்துவோம். கல்யாணத்துக்கு ஒருமுறை உடுத்திய சுடிதாருக்குப் புதுத் துப்பட்டா போதும். மூத்தவனின் ஜிப்பாவைக் கை மடித்துத் தைத்தால் இளையவனுக்கு ஆகும். வாப்பாவின் வெள்ளைச் சட்டைக்கு நீலமும் கஞ்சியும் போட்டுத் தேய்த்து, கொஞ்சம் அத்தர் பூசினால் பெருநாள் களை வந்துவிடும்.

மிஞ்சும் நல்ல உடுப்பைத் துவைத்து, தேய்த்து, 25ஆம் நோன்புக்குள் டிரஸ்டில் கொடுங்கள். நம் பிள்ளைக்குப் போடத் தயங்குவதைப் பிறர் பிள்ளைக்குத் தர வேண்டாம். இரவில் வீட்டு வாசலிலேயே சேர்ப்போம். போட்டோ எடுக்க மாட்டோம். ஃபித்ராவையும் பெருநாள் தொழுகைக்கு முன்பே கொடுத்துவிடுங்கள்.

எல்லா வீட்டுப் பிள்ளைகளும் மகிழ்ச்சியோடு தக்பீர் சொல்லும் பெருநாளாக அல்லாஹ் ஆக்குவானாக, ஆமீன்.