கணக்குக்கு நிதானக் குரல்



திருவொற்றியூரோ எண்ணூரோ, குழுவில் கண்பார்வை இல்லாத ஒருவர் இருந்தால், "நீ கைநாட்டு வச்சா போதும்மா"ன்னு உட்கார வைத்துவிடுகிறோம். தன் சேமிப்பு எவ்வளவு என்று அவரே பார்க்க வேண்டாமா?

கம்ப்யூட்டர் திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் என்.வி.டி.ஏ. மென்பொருளை, ஆஸ்திரேலியாவில் பார்வையற்றவரான மைக்கேல் கர்ரன் 2006-இல் தொடங்கினார். காசு கிடையாது, தமிழும் வாசிக்கும்.

கடிதத்தை அது கடகடன்னு வாசித்தாலும் புரிந்துவிடும். ஆனா கடன் கணக்கில் 1,500-ஆ, 15,000-ஆன்னு காது தடுமாறும். அதனால் எக்செல்லைத் திறந்து வைத்து, இன்சர்ட், கண்ட்ரோல், பி மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். 'நியூ' கொடுத்து, இந்த மென்பொருளுக்கு மட்டும் என்பதைத் தேர்ந்தெடுத்து, பிறகு வேகத்தைக் குறையுங்கள். இனி எக்செல்லுக்குள் போனால் தானாக நிதானமாக வாசிக்கும். வெளியே வந்தால் பழைய வேகம்தான்.

அடுத்த கூட்டத்தில், அவர் கணக்கைக் கேட்டுச் சரி என்று சொன்ன பிறகே தீர்மான நோட்டை நீட்டுங்கள்.