இனாம் வேலை



திண்டுக்கல், சின்னாளப்பட்டி, வத்தலக்குண்டு பக்கங்களில் கம்ப்யூட்டரில் டிசைன் செய்து பிழைக்க முன்வந்திருக்கும் வாலிபர்கள், “முதல் வேலை இனாம்” என்று சொல்லி ஆள் பிடிக்கலாமா என்று நம்மைக் கேட்கின்றார்கள்.

பிடிக்கலாம், ஆனால் யாருக்கு இனாம் என்று பார்க்க வேண்டாமா? கல்யாணப் பத்திரிகைக்கு வருகின்றவர் புரோகிதர் தட்சணையில் பேரம் பேசுவதில்லை. டிசைன் செய்தவனிடம் மாத்திரம், “தம்பி, இதற்கெல்லாமா காசு?” என்கின்றார். மந்திரத்திற்குக் கூலி உண்டு, மூளைக்குக் கூலி இல்லை என்றால் இது என்ன நியாயம்? நம் பாட்டன்மார் மிராசுதார் வீட்டில் செய்த வெட்டி வேலைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அங்கேயாவது ஒரு வேளைக் கூழ் ஊற்றினார்கள்!

பெரியார் புத்தகங்களை மலிவாக விற்றார், சும்மா கொடுக்கவில்லை. கையெழுத்துப் போடுவதற்கும் குழந்தைக்குப் பெயர் வைப்பதற்கும்கூடக் காசு வாங்கினார். காசு கொடுத்தவன் படிப்பான்; சும்மா வாங்கினவன் பொட்டலம் மடிப்பான்.

ஆகையால், பெரிய நகைக் கடைக்காரர் இனாம் கேட்டால் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள். திண்டுக்கல் பூட்டு 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. அதைச் செய்யும் சிறு பட்டறைக்காரர் கேட்டால், ஒரு பெட்டி லேபிளைக் குறைந்த கூலிக்குச் செய்து கொடுங்கள். பூட்டு போகும் ஊரெல்லாம் உங்கள் வேலையும் போகும். ஒரு மாதிரி, ஒரு திருத்தம், அவ்வளவுதான் என்று முன்னமேயே சொல்லிவிட வேண்டும். பில்லிலும் கூலி ரூபாய் 1,000, தள்ளுபடி 700, வரவு 300 என்று எழுதிக் கொடுங்கள். அடுத்த தடவை 1,000 கேட்டால் அவர் திடுக்கிட மாட்டார்.