பாப்பாவை எங்கே சேர்ப்பது?

(நம் சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

நான் வங்கியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். கவுண்டரில் உட்கார்ந்து, "இந்த சர்டிபிகேட் இல்லையே, நாளைக்கு வாங்க" என்று எத்தனையோ பேரிடம் சொன்னவன். அப்படிப்பட்ட நானே காகித விஷயத்தில் கோட்டை விட்ட கதையை இன்று சொல்லப் போகிறேன்.

சில வருடங்களுக்கு முன் நம் வாட்ச்மேன் ஒருவர், "சார், பாப்பாவுக்கு மூணு வயசு ஆகப்போகுது, எங்கே சேர்க்கலாம்?" என்று கேட்டார். "ஆர்.டி.இ. இருக்கே, அறிவிப்பு வரட்டும், பார்த்துக்கலாம்" என்றேன். அறிவிப்பு வந்தது. பிறப்புச் சான்றிதழை வாங்கிப் பார்த்தால் அதில் குழந்தையின் பெயரே ஏறவில்லை. வருமானச் சான்றும் இல்லை. இரண்டும் கைக்கு வருவதற்குள் கடைசித் தேதி போய்விட்டது. அடுத்த வருடம் எல்.கே.ஜி. வயதும் தாண்டிவிட்டது.

2009ல் வந்த கல்வி உரிமைச் சட்டப்படி, சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகள் தவிர்த்த தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடங்களை நலிந்த, பின்தங்கிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஒதுக்க வேண்டும். நம் மாநிலத்தில் நலிந்த பிரிவுக்கு ஆண்டு வருமான வரம்பு 2 லட்சம் ரூபாய். வீட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் இருக்கும் பள்ளிக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம். இடத்தைவிட விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல். எல்.கே.ஜி. என்றால் ஜூலை 31 அன்று 3 வயது நிறைந்திருக்க வேண்டும். கல்விக் கட்டணச் சலுகை 8ஆம் வகுப்பு வரைதான். 9க்கு என்ன செய்வது என்று இப்போதே யோசிக்க வேண்டும்.

அந்தப் பாப்பா இப்போது மாநகராட்சிப் பள்ளியில் படிக்கிறாள். காலையில் சூடாகச் சாப்பாடு, நல்ல டீச்சர். வாய்விட்டுக் கதை படிக்கிறாள். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தால் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. பெண் பிள்ளை கல்லூரிக்குப் போனால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு. அதனால் பள்ளியைப் பற்றி எனக்குக் குறையே இல்லை. ஆனால் இரண்டையும் வைத்துப் பார்த்து, பெற்றவர்கள் முடிவு செய்திருக்க வேண்டும். என்னுடைய "பார்த்துக்கலாம்" அந்த வாய்ப்பை எடுத்துக்கொண்டுவிட்டது. அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்றைக்கும் எனக்கு கேட் திறந்துவிடுகிறார்.

உங்கள் வீட்டில் வேலை செய்பவர்களிடம், டிரைவரிடம், இஸ்திரி போடுபவரிடம், "குழந்தைக்கு என்ன வயது?" என்று இந்த வாரமே கேளுங்கள். பிறப்புச் சான்றிதழில் பெயர் இருக்கிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். வருமானச் சான்று, தேவைப்பட்டால் சாதிச் சான்று, இ-சேவை மையத்தில் இப்போதே போடச் சொல்லுங்கள். விண்ணப்பம் வழக்கமாக ஏப்ரல், மே மாதத்தில் வரும். 2025ல் அக்டோபர் வரை தள்ளிப்போனது. தேதி எப்போது வந்தாலும் காகிதம் தயாராக இருக்கட்டும்.

ஞாயிறு காலை 10 மணிக்குச் சங்க அறையில் இருப்பேன். படிவம் நிரப்பித் தருகிறேன். "நாளைக்கு வாங்க" என்று யாரையும் திருப்பி அனுப்ப மாட்டேன்.