தாத்தா நம்பியதில்லை

 

நினைவுச் சொற்பொழிவு என்றால் ஓர் ஆளுமையின் பணிகளை வரிசையாகச் சொல்லிவிட்டு அமர்வது வழக்கம். மன்றத் தோழர்கள் என்னிடம் கேட்டது வேறு. அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடிப் பக்கத்து மாணவர்கள் நிறையப் பேர் வருவார்கள், அவர்கள் வயதை மனதில் வைத்துப் பேசுங்கள் என்றார்கள். பதினைந்து, பதினாறு வயதில் ஒரு பிள்ளைக்குச் சாதி ஆட்சியின் மீதுள்ள நம்பிக்கை எப்படிக் கழன்று விழுகிறது என்பதைப் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

ஆட்சி என்ற சொல்லைத் தெரிந்தேதான் சொல்கிறேன். இதற்குச் சட்டம் உண்டு, காவல் உண்டு, தண்டனை உண்டு. தேர்தல் மட்டும்தான் கிடையாது. தஞ்சாவூர்ப் பக்கம் இந்த ஆட்சி பண்ணையாரின் களத்துமேட்டில், நெல் அம்பாரத்துக்கு முன்னால் நின்று அதிகாரம் செய்தது. நம் பக்கம் வானம் பார்த்த பூமி. கம்பு, சோளம், பருத்தி, மிளகாய். மழை பொய்த்தால் நிலக்காரனும் கடன்காரன்தான். குவித்துவைக்க அவனிடம் நெல் கிடையாது. ஆகவே அதிகாரத்தை வேறு இடங்களில் குவித்துவைத்தான்: கண்மாய் மடையில், டீக்கடை பெஞ்சில், காலில் போடும் செருப்பில், தெருவில் ஓட்டிப்போகும் சைக்கிளில். எல்லாவற்றுக்கும் மேலாக வாய்ச்சொல்லில். பத்து வயதுப் பையன் அறுபது வயதுக்காரரைப் பேர் சொல்லி 'வாடா' என்பான். அவர் 'இந்தா வாரேன் சாமி' என்பார். பக்கத்தில் நிற்கிற பேரன் இரண்டையும் கேட்டுக்கொண்டிருப்பான்.

அந்தப் பேரனைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தது. அவருடைய ஊர் நம் விருதுநகர் மாவட்டத்தின் மேற்கு ஓரம், மலையடிவாரம். மண் வேறு, ஆட்சி ஒன்றுதான். மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது கண்ட ஒரு காட்சியை அதில் எழுதியிருக்கிறார். அவர்கள் தெருவைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் நாயக்கருக்குக் கடையிலிருந்து வடை வாங்கி வருகிறார். பொட்டலத்தில் கை படாமல், கட்டியிருக்கும் சணலை மட்டும் பிடித்துத் தூக்கிவந்து, குனிந்து கொடுக்கிறார். பார்த்த சிறுமிக்குச் சிரிப்பு வருகிறது. வீட்டுக்குப் போய் அண்ணனிடம் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். அண்ணன் சிரிக்கவில்லை. அதற்குக் காரணம் என்ன என்று சொல்கிறார். சிரிப்பு நின்று கோபம் வருகிறது.

இந்தப் பகுதியைப் பேசுகிறவர்கள் கோபத்தைத்தான் பேசுவார்கள். எனக்கு அந்தச் சிரிப்பு முக்கியம். சாமிக்கு முன்னால் ஒருவர் விழுந்து கும்பிட்டால் பக்தியுள்ள வீட்டுக் குழந்தை சிரிக்காது. வடைப் பொட்டலத்தைப் பார்த்துச் சிரித்த குழந்தைக்கு அந்த ஆட்சி இன்னும் பழகவில்லை. உடம்பு ஏன் இப்படி வளைகிறது என்று அதற்கு விளங்கவில்லை. விளக்கிச் சொல்ல வீட்டில் படித்த ஓர் அண்ணன் இருந்தார். வேதனை எல்லாத் தெருவிலும் இருக்கிறது. வேதனைக்குப் பேர் சொல்லித்தர ஆள் எல்லாத் தெருவிலும் இருப்பதில்லை. மன்றம், நூலகம், மாலை வகுப்பு எல்லாம் அந்த அண்ணன் பார்த்த வேலையைத்தான் பார்க்கின்றன.

விளங்கிய பிறகு கோபம் யார் மேல் போகிறது? நிலக்காரன் தூரத்தில் இருக்கிறான், அவனுக்குப் பின்னால் ஊரே நிற்கிறது. தாத்தா பக்கத்தில் இருக்கிறார். சில மாதங்களுக்கு முன் ஒரு பிளஸ் ஒன் மாணவர் என்னிடம் சொன்னார்: "எங்க தாத்தா மாதிரி ஆளுகளாலதான் சார் நமக்கு இந்த நெலம. கும்பிட்டுக் கும்பிட்டே பழக்கிவிட்டுட்டாக." நல்ல பையன், நிறையப் படிக்கிறவர். அவரோடு நான் வெகுநேரம் வாதாட வேண்டியிருந்தது. தாத்தாவுக்கு அந்த ஆட்சியில் நம்பிக்கை இருந்தது என்று உனக்கு யார் சொன்னது என்று கேட்டேன்.

என் பாட்டி மிளகாய் பிடுங்கப் போன காட்டில் நானும் போய் நின்றிருக்கிறேன். வரப்பிலிருந்து கூப்பிட்டால் "வந்துட்டேன் மொதலாளி" என்று காடே அதிரக் குரல் கொடுப்பார். அடுத்த மூச்சிலேயே, பக்கத்து நிரையில் நிற்கிற பெண்களுக்கு மட்டும் கேட்கும்படி, அந்த முதலாளிக்கு அவர்கள் வைத்திருந்த பட்டப்பெயரைச் சொல்வார். நிரை முழுக்கக் குலுங்கும். தலை நிமிராது, கை நிற்காது. பணிவு இருந்தது. நம்பிக்கை துளியும் கிடையாது. அமெரிக்க ஆய்வாளர் ஜேம்ஸ் ஸ்காட் மலேசியாவின் கெடா மாநிலத்தில் நெல் விவசாயம் செய்யும் ஒரு கிராமத்தில் தங்கி, ஏழைகள் மெதுவாக வேலை பார்ப்பதையும் முதுகுக்குப் பின்னால் பேசுவதையும் பலவீனர்களின் ஆயுதங்கள் என்று 1985இல் ஒரு புத்தகமாகவே எழுதினார். நல்ல புத்தகம், படியுங்கள். மிளகாய்க் காட்டில் அது அதற்கு முன்பே வெளியாகிவிட்டது.

எல்லோரும் மனதார ஏற்றுக்கொண்ட ஆட்சி என்றால் ஒரு ஜோடி செருப்புக்கு ஏன் பஞ்சாயத்துக் கூட்டினார்கள்? நிலக்காரரை ஓர் இளைஞன் 'அண்ணாச்சி' என்று கூப்பிட்டுவிடுவதை வைத்தே பாமா ஒரு சிறுகதை எழுதியிருக்கிறார். மளிகைக்கடையிலும் பஸ்ஸிலும் நாம் தினம் சொல்கிற சொல். அதுவே குற்றமாகிறது என்றால், யாரும் உள்ளுக்குள் நம்பவில்லை என்பது ஆள்கிறவனுக்கும் தெரிந்திருக்கிறது என்று பொருள்.

கே.ஏ. குணசேகரனின் 'வடு' நமக்கு இன்னும் பக்கத்து மண்ணிலிருந்து வந்தது. முஸ்லிம்கள் நிறைந்த இளையான்குடியில் வளர்ந்தவர் அவர். அங்கே படாத தீண்டாமை சுற்றியுள்ள கிராமங்களுக்குப் போனால் முகத்தில் அறைகிறது. நடந்துபோகிற தூரத்தில் ஆட்சி இல்லாத ஓர் ஊர் இருக்கிறது என்று கண்ட பையனிடம், இது உலக வழக்கம் என்று எப்படிச் சொல்ல முடியும்? திருப்பூருக்கும் கோவைக்கும் வேலைக்குப் போய் பொங்கலுக்குத் திரும்புகிற நம் பிள்ளைகள் டீக்கடையில் சும்மா நின்றாலே சிலருக்கு எரிச்சலாவது இதனால்தான்.

தியாகி இமானுவேல் சேகரன் 1924 அக்டோபர் 9 அன்று முதுகுளத்தூரை அடுத்த செல்லூரில் பிறந்தவர். 1942இல் வெள்ளையனே வெளியேறு இயக்கத்தில் சிறைக்குப் போனபோது அவருக்கு வயது பதினெட்டு. அந்த வயதில் அவர் எதிர்த்து நின்றது ஒரு பேரரசை. பிறகு ராணுவத்தில் ஹவில்தாராக இருந்துவிட்டு ஊர் திரும்பினார். பேரரசு போயிருந்தது. டீக்கடையில் தனிக் குவளை போகவில்லை. 1957 செப்டம்பர் 10 அன்று முதுகுளத்தூரில் கலெக்டர் கூட்டிய சமாதானக் கூட்டத்தில் தம் மக்களின் பிரதிநிதியாக அமர்ந்தார். மறுநாள் இரவு பரமக்குடியில் வெட்டிக் கொல்லப்பட்டார். வயது 33 முடியவில்லை. ஆண்டுதோறும் செப்டம்பர் 11க்கு வேன் ஏறுகிற மாணவர்களிடம் ஒன்று கேட்பேன்: அந்தப் பதினெட்டு வயதைப் பற்றி எப்போதாவது உங்களுக்குள் பேசியிருக்கிறீர்களா? கொலையைத்தான் பேசுகிறோம். ஒரு கிராமத்துப் பையன் சிறைக்குப் போகத் துணிந்த நாளைப் பற்றி நம்மிடம் ஒரு நாடகம்கூட இல்லை.

இப்போது பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன். பழைய ஆட்சிக்குக் கிழவர்களின் பணிவு போதுமாக இருந்தது. இன்றைய ஆட்சி பிள்ளைகளை ஆள் சேர்க்கிறது. மணிக்கட்டில் நிறம் நிறமாகக் கயிறு. 2019இலேயே பள்ளிக் கல்வித்துறை அதைத் தடுக்கச் சுற்றறிக்கை அனுப்பியது. அது நடைமுறைக்கு வரவில்லை என்று சில நாட்களிலேயே அமைச்சர் சொன்னார். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பிளஸ் டூ மாணவர் ஒருவரையும் அவருடைய தங்கையையும் உடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். நீதிபதி சந்துரு தலைமையில் அமைக்கப்பட்ட ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கயிறு, மோதிரம், நெற்றி அடையாளம் கூடாது, பள்ளிப் பெயர்களில் சாதி கூடாது என்றெல்லாம் அதில் பரிந்துரைகள் இருக்கின்றன. வரவேற்கிறேன். ஆனால் கயிற்றைக் கழற்றலாம், கட்டிவிட்ட கையை யார் பிடிப்பது? அரிவாள் எடுத்த அந்தப் பிள்ளைகளுக்கும் வயது பதினேழுதான். அவர்களுக்கு இந்த ஆட்சி தருவது ஒரு கயிறும் ஒரு வழக்கும். அதில் நம்பிக்கை இழக்க அவர்களுக்கும் ஓர் அண்ணன் வேண்டும். அந்த அண்ணன் அவர்கள் தெருவிலிருந்துதான் வர வேண்டும். அது நம் வேலை என்று என்னிடம் யாரும் சொல்ல வேண்டாம்.

நம் வேலை ஒன்று இருக்கிறது. முதலாளிமாருக்கு நம் பெண்கள் வைத்த பட்டப்பெயர்களைச் சேகரிக்க மன்றத்தில் ஒரு நோட்டுப் போட்டிருக்கிறோம். மாணவர்கள் விடுமுறையில் வீட்டுக்குப் போகும்போது தாத்தா பாட்டியிடம் கேட்டு எழுதி வாருங்கள். ஊர், ஆண்டு, எந்த வேலையின்போது சொன்னது என்பதையும் குறியுங்கள். நரிக்குடிப் பக்கம் ஒரு பாட்டி, ஒரே ஆளுக்குப் பதினோரு பெயர் சொன்னார். பன்னிரண்டாவதைச் சொல்வதற்கு முன் என்னை வெளியே போகச் சொல்லிவிட்டு, கூட வந்த மாணவியின் காதில் சொன்னார். அந்தப் பிள்ளை இன்னும் எனக்குச் சொல்லவில்லை.