உடம்புக்கும் ஒரு கணக்கு நோட்டு

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



சேமிப்பு, தவணை, வட்டி எல்லாத்துக்கும் நாம நோட்டு போட்டு எழுதுறோம். ஒரு ரூபாய் குறைஞ்சாலும் கண்டுபிடிச்சிடுறோம். நம்ம உடம்பில் எது குறையுதுன்னு மட்டும் பார்ப்பதில்லை. இன்றைக்கு அந்தக் கணக்கைப் பார்ப்போம்.

முதலில் இரும்புச்சத்து. நம் உடம்பு முழுவதிலும் இருக்கும் இரும்பு சுமார் 3 கிராம்தான். இதுதான் ரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கிறது. மாதவிலக்கிலும் பிரசவத்திலும் ரத்தத்தோடு இதுவும் போய்விடுகிறது. அதனால்தான் ஆணுக்கு ஒரு நாளைக்கு 19 மில்லிகிராம் போதும் என்றால், நமக்கு 29 மில்லிகிராம் வேண்டும். ஆனால் எல்லோரும் சாப்பிட்ட பிறகு சட்டியில் மிஞ்சியதைச் சாப்பிடுவது யார்? நாமதான். செலவு அதிகம், வரவு குறைவு. 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்புப்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பத்துப் பேர் உட்கார்ந்தால் ஐந்தாறு பேர்.

மூச்சு வாங்குது, தலை சுத்துது, களைப்பா இருக்கு என்றால் "வேலை ஜாஸ்தி" என்று விட்டுவிடாதீங்க. ரத்தத்தில் ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே, கர்ப்பிணிக்கு 11க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. பிரசவ நேரத்தில் இது உயிருக்கே ஆபத்து.

என்ன செய்யலாம்? முருங்கைக்கீரை, பயறு, ஈரல், மீன் சேர்த்துக்கணும். கீரையில் உள்ள இரும்பு உடம்பில் சுலபமாக ஒட்டாது. கூடவே எலுமிச்சை, நெல்லிக்காய் இருந்தால் ஒட்டும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் ஒட்டாது. ஒரு மணி நேரம் பொறுங்க. செருப்பு இல்லாமல் நடந்தால் கொக்கிப்புழு காலில் ஏறி ரத்தத்தை உறிஞ்சும். சத்து மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். பள்ளியில் கொடுக்கும் மாத்திரையை நம்ம பொண்ணு முழுங்குதா, தூக்கிப் போடுதான்னு கேளுங்க.

அடுத்தது சுண்ணாம்புச்சத்து. எலும்புக்கு இதுதான் ஆதாரம். கேழ்வரகு 100 கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல் இருக்கு. சுண்ணாம்புச்சத்து மாத்திரையையும் இரும்பு மாத்திரையையும் சேர்த்துப் போடாதீங்க, வேற வேற நேரத்தில் போடுங்க.

துத்தநாகம் புண் ஆறவும் பிள்ளைகள் வளரவும் வேண்டும். கடலை, பருப்பு, முட்டையில் கிடைக்கும்.

அயோடின் தேவை கடுகளவுகூட இல்லை. ஆனால் கர்ப்ப காலத்தில் அது குறைந்தால் பிள்ளையின் மூளை வளர்ச்சியே பாதிக்கும். உண்ணும் உப்பை அயோடின் கலந்தே விற்க வேண்டும் என்பது 2006 முதல் நாடு முழுவதும் உள்ள விதி. கல் உப்பானாலும் பொடி உப்பானாலும் பாக்கெட்டைப் பார்த்து வாங்குங்க. மூடி வையுங்க, அடுப்புப் பக்கம் வேண்டாம்.

சகோதரிகளே, ஒரு தீர்மானம் போடுவோம். அடுத்த கூட்டத்துக்குள் ஒவ்வொருவரும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தப் பரிசோதனை செய்துகொள்வோம். அளவு எவ்வளவு என்பது அவரவர் விஷயம், அதைக் கேட்க வேண்டாம். "போனியா?" என்று மட்டும் ஒருவரை ஒருவர் கேட்போம். தவணை கட்டாதவரை விடாமல் கேட்கிற நமக்கு இது பெரிய காரியமில்லை. இன்று ராத்திரி முதல் வீட்டாரோடு சேர்ந்தே உட்கார்ந்து சாப்பிடுவோம்.