பழுத்ததை மட்டும் பறிப்போம்

தாண்டிக்குடி மலையில் மார்கழியும் தையும் காப்பிப் பழம் பறிக்கும் காலம். சில்வர் ஓக் நிழலில் அரபிகா சிவந்து நிற்கும். சாயங்காலம் பழத்தின் தோலை உரிக்கும் பல்பர் ஓடும். களத்தில் கொட்டை காயும். இதெல்லாம் நீங்கள் அறிந்ததுதான். பெரிய ஊர்க் காப்பிக் கடைகளில் இப்போது ஒரு புது மோகம். காற்றுப் புகாத டிரம்மில் பழத்தை நாள்கணக்கில் அடைத்துப் புளிக்கவைத்து, திராட்சை மதுவின் வாசம் வருகிறது என்று கொண்டாடுகிறார்கள். புளிக்கவைக்கும் விதம் வாசத்தை மாற்றும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காப்பியின் ருசி பறிக்கிற கையிலேயே தீர்மானமாகிவிடுகிறது என்பதுதான் என் கட்சி.

மார்ச், ஏப்ரலில் விழும் பூமழைக்குப் பிறகு பழம் பழுக்க எட்டு ஒன்பது மாதம் ஆகும். அந்த மழை ஒரே நாளில் பெய்து முடிவதில்லை. பூவும் தவணை தவணையாகத்தான் பூக்கும். அதனால் ஒரே கொத்தில் சிவப்பு, மஞ்சள், பச்சை மூன்றும் சேர்ந்து நிற்கும். பறிக்கும் பெண் ஒரு கையால் கிளையை வளைத்துப் பிடித்து, மறு கையின் இரண்டு விரலால் சிவந்ததை மட்டும் திருகி எடுக்கிறார். பக்கத்துப் பச்சைக்காய் அசையாது. பத்துப் பதினைந்து நாள் கழித்து அதே செடிக்குத் திரும்பவும் வருவார். ஒரு பருவத்தில் நாலைந்து தடவை இப்படி. பழுத்ததை மட்டும், பழுத்தபோது மட்டும். இந்த வேலையைத்தான் நான் கலை என்கிறேன். பழுத்த பழத்தில் வழவழப்பு இருப்பதால் பல்பரில் கொட்டை வழுக்கி வெளியே வரும், பச்சைக்காய் நசுங்கும். பிறகு புளிக்கவைக்கும் தொட்டியில் ஒரு நாள், ஒன்றரை நாளில் அந்த வழவழப்பு கரையும். கழுவிக் கையில் தேய்த்தால் கூழாங்கல்போலச் சரசரக்கும். தொட்டியின் முதல் வேலை அதுதான். திராட்சையில் புளித்த சாற்றையே குடிக்கிறோம். காப்பியில் சதையை நீக்கிவிட்டு விதையை வறுத்துக் குடிக்கிறோம். செடியில் விதைக்குள் சேராத இனிப்பை எந்த டிரம்மும் சேர்த்துவிடாது.

ஆள் கிடைப்பதில்லை, கூலி கட்டுபடியாகாது, நாலு தடவை எப்படிப் பறிப்பது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஒரு கிலோ கொட்டைக்கு ஏறக்குறைய ஆறு கிலோ பழம் வேண்டும். எடைக்குக் கூலி என்றால் கை கிளையோடு உருவத்தான் செய்யும். ஆகவே நல்ல காப்பிக்குக் கிடைக்கும் கூடுதல் விலை பறிப்பவரின் கூடை வரை வந்து சேர வேண்டும். டிரம்முக்குச் செலவழிக்கிற பணத்தை முதலில் கூலியில் போடலாம். வடகிழக்குப் பருவமழை பழத்தை உதிர்த்துவிடுமே என்றால், அடிக்கடி சுற்றிவந்து பறிப்பதற்கு அதுவே காரணம். உதிர்ந்து கிடக்கும் பழத்தில் காய்த்துளைப்பான் வண்டு தங்கும். பழுத்ததை மட்டும் பறித்து அன்றே பல்பரில் போடச் சொல்கிறது காப்பி வாரியம். அதன் ஆராய்ச்சி நிலையம் தாண்டிக்குடியிலேயே இருக்கிறது.

பாலும் சிக்கரியும் சேர்த்தால் எல்லாம் ஒன்றுதானே என்போரும் உண்டு. அவர்கள் அடுத்த தடவை அரைக்கும் முன்னே, வறுத்த கொட்டையில் ஒரு கைப்பிடியை வெள்ளைத் தட்டில் பரப்பிப் பார்க்கட்டும். மற்றவை கருத்திருக்க, சில மட்டும் வெளிறி நிற்கும். ஒன்றைக் கடித்தால் காகிதம் மென்றதுபோல் இருக்கும். பெரும்பாலும் அது பழுக்குமுன் பறித்த காய். புளிக்கவைத்தும் வறுத்தும் அதன் பச்சை போகவில்லை. பழுத்ததை மட்டும் பறிப்போம்.